ஊறுகாய் அக்காவும் ஓர் ஈரத்துணியும்

அவள் பேருந்தில் ஏறி, இடம் கிடைக்காமல் நின்றதே இல்லை. எவ்வளவு நெரிசலாக இருந்தாலும் பக்கத்தில் இருப்பவர் ஒருமுறை மூக்கை உறிஞ்சுவார், திரும்பிப் பார்ப்பார், ஏதோ அவசர வேலை நினைவுக்கு வந்தவர்போல எழுந்து முன்னால் போய்விடுவார். ஒரு மழை நாளில் ஓட்டுநரே எழுந்து இடம் கொடுத்துவிட்டார் என்றும், அதன்பின் இரண்டு நிறுத்தம்வரை பேருந்து தானாகவே ஓடியது என்றும் எங்கள் குடியிருப்பில் ஒரு பேச்சு உண்டு. நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் கேட்டவர்களிடம் இல்லை என்று மறுத்துச் சொன்னதும் இல்லை.

அந்த வாடை, உறுப்புகளைக் கெடாமல் வைக்கும் பார்மலின் திரவத்தினுடையது. பல்கலைக்கழகத்தின் பின்கட்டில், ஜன்னல் பாதிதான் திறக்கும் ஓர் அறையில் அவளுக்கு வேலை. ஆராய்ச்சி மாணவர்கள் எலியின் மூளை, முயலின் சிறுநீரகம், மீனின் செவுள் என்று எதையாவது அறுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். அவள் அதை வாங்கிச் சீராக நறுக்கி, பார்மலினில் ஊறப்போட்டு, பல் இடுக்கு மாதிரி துளைகள் உள்ள சின்ன பிளாஸ்டிக் பெட்டிகளில் அடைத்து, இரண்டு தெரு தள்ளியிருக்கும் திசு ஆய்வகத்துக்கு அனுப்புவாள். அங்கே அதை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்டிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். மாணவர்களுக்கு அவள் மேடம். வீட்டில் தம்பி வைத்த பெயர் ஊறுகாய். எங்கள் மாடிப்படிகளில் ஏறி இறங்கி நிலைத்துப்போன பெயர் ஊறுகாய் அக்கா.

பெண் பார்க்க வந்த ஒருவர் அவள் கொண்டுவந்த டீயை வாங்கும்போது கண் கலங்கிவிட்டார். அடக்கமான பெண்ணைப் பார்த்த நெகிழ்ச்சி என்று அவருடைய அம்மா நினைத்தாள். அவர் ஜன்னல் பக்கம் ஓடிப்போய் மூச்சு வாங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. அதோடு அந்தப் பேச்சு நின்றது. அவளுக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. "மூணு தடவை சோப்பு போட்டுத்தான் வந்தேன். இதுக்கு மேல வேணும்னா தோலை உரிச்சுத்தான் காயப்போடணும்" என்றாள்.

உடம்பிலிருந்து அறுத்தெடுத்த துண்டு சும்மா இருக்காது. இரத்த ஓட்டம் நின்ற கணத்திலிருந்து தன்னைத்தானே தின்ன ஆரம்பித்துவிடும். அதற்குள் பார்மலினில் போட்டால் அப்படியே பூட்டினாற்போல நிற்கும். ஆகவே அந்த அறையில் ஒரே ஒரு சட்டம்தான். கையில் துண்டோடு வந்து வாசலில் நின்று யாராவது பேச ஆரம்பித்தால் போதும்.

"மேடம், நேத்து என்னாச்சுன்னா..."

"போட்டுட்டுப் பேசு."

"இல்ல மேடம், ஒரே ஒரு விஷயம்..."

"நீ கதை சொல்லி முடிக்கறதுக்குள்ள உன் எலி கூழாயிடும். போட்டுட்டுப் பேசு."

பேனாவால் பெயர் எழுதிக் கொண்டுவந்தவனை அவள் அழவிட்டிருக்கிறாள். மெழுகில் பதிக்குமுன் துண்டுகளைச் சாராயத்தில் குளிப்பாட்டுவார்கள். அதில் பேனா எழுத்து கரைந்து, அவனுடைய துண்டுகள் அத்தனையும் பெயரில்லாத அநாதைகளாக நின்றன. பென்சில்தான் நிற்கும். இன்னொருத்தி முழு ஈரலைக் குறுகிய வாய்ப் புட்டியில் அமுக்கித் திணித்துக்கொண்டு வந்தாள். போகும்போது மெத்தென்று போனது. ஊறியபின் கட்டை.

"இப்ப இதை எப்படி மேடம் வெளிய எடுக்கறது?"

"நீ உள்ள போய்த் தள்ளு. நான் இங்கிருந்து இழுக்கறேன்."

கடைசியில் புட்டியை உடைத்தார்கள். ஈரல் மேலே கல்லாகவும் நடுவே குழம்பாகவும் இருந்தது. பார்மலின் மெதுவாக ஊர்ந்து போகும் சாமான். மெல்லிசாக நறுக்காவிட்டால் நடுவை எட்டுவதற்குள் நடு கெட்டுவிடும். அந்தப் பெண் அன்றைக்கு அழுத அழுகையைப் பற்றியும் நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லலாம். வேண்டாம். அழுகை இன்னும் பின்னால் வருகிறது.

அவளுடைய தம்பி கைபேசி பழுதுபார்ப்பவன். கடை கிடையாது; வீட்டு முன்னறையில் ஜன்னலோரம் ஒரு மேசை, ஒரு விளக்கு, கண்ணில் மாட்டும் ஒரு பூதக்கண்ணாடி. மெலிந்த உடம்பு, சக்கர நாற்காலி. முழங்கையை மேசைமேல் யாராவது எடுத்து வைத்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு அவன் விரல்கள் யாருக்கும் அடங்காத பிள்ளைகள். கண்ணுக்குத் தெரியாத திருகாணியைக் கழற்றி, மேசையில் வரிசையாக அடுக்கி, வாடிக்கையாளரிடம் கதையும் அளப்பான். எறும்புக்குக் காது குத்திவிட்டிருக்கிறான் என்று நான் சொல்லி வைத்திருந்தேன். ஒரு குழந்தை அந்த எறும்பைப் பார்க்கவேண்டும் என்று வந்து நின்றது. "அது இப்பதான் வெளிய போச்சு, கம்மல் வாங்க" என்றான்.

வியாதி அம்மாவின் வழியில் வந்தது. அம்மாவின் தம்பிக்கும் இதேதான். அவருக்கு முதலில் போனது மாடிப்படி. பிறகு நடை, பிறகு சீப்பு, பிறகு ஸ்பூன், பிறகு மூச்சு. தாய்மாமா போன அதே பாதையில் இவன் சீப்பு வரைக்கும் வந்திருந்தான். அம்மாதான் தலை வாரிவிடுவாள், வாரும்போதெல்லாம் திட்டுவாள்.

"எண்ணெய் வெச்சாத்தான் என்ன? காக்கா கூடு கட்டப்போகுது."

"கட்டட்டும்மா. வாடகை வாங்கிக்கலாம்."

இரத்தத்தைச் சோதித்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். இன்ன தசைநோய் என்று பெயர் வைக்க அவர்களால் முடியவில்லை. அப்போதுதான் ஊறுகாய் அக்கா தான் துண்டுகள் அனுப்பும் அதே திசு ஆய்வகத்தில், தசைப்பிரிவைப் பார்த்துக்கொள்ளும் டாக்டரம்மாவிடம் போய் நின்றாள். அந்த அம்மா சுற்றி வளைக்காதவர்.

"ரெண்டு வகைல ஒண்ணா இருக்கும். ஒரு வகைக்கு ஒரு மருந்து சோதனைல இருக்கு. ஆள் சேர்த்துக்கிட்டிருக்காங்க. போனது எதையும் அது திருப்பித் தராது. இருக்கறதை நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான். உங்க தம்பிக்கு அந்த வகைதானான்னு தசையைப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

"விரல் மிஞ்சுமா டாக்டர்?"

"இன்னிக்கு இருக்கற விரல் மிஞ்சலாம்."

விரல் மிஞ்சினால் தொழில் மிஞ்சும், ஸ்பூன் மிஞ்சும், கேலி மிஞ்சும். அக்காவுக்கு அதற்கு மேல் ஆசை கிடையாது. தம்பி எழுந்து நடக்கிற கனவெல்லாம் அவள் எப்போதோ மூட்டைகட்டி வைத்துவிட்டாள்.

"ஒண்ணு கவனமா கேளுங்க" என்றார் டாக்டரம்மா. "இது உங்க வழக்கமான துண்டு இல்ல. பார்மலின் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. பார்மலின் தசையைப் பூட்டிடும். நான் தேடற புரதம் அந்தப் பூட்டுக்குள்ள வாயே திறக்காது. உப்புத்தண்ணில நனைச்சுப் பிழிஞ்ச துணி. சொட்டச் சொட்ட இருக்கக்கூடாது, காயவும் கூடாது. அதுல சுத்தி, ஒரு டப்பால வெச்சு, டப்பாவைப் பனிக்கட்டி மேல வெச்சு நேரா இங்க கொண்டுவாங்க. நான் உடனே உறைய வெச்சுடுவேன்."

"என்கிட்டயே சொல்றீங்களா டாக்டர்?" என்று சிரித்தாள் அக்கா.

"உங்ககிட்டதான் சொல்றேன்."

சர்ஜனும் அவளுக்குப் பழக்கமானவர்தான். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். தொடை முழுக்க வெள்ளை. தசை இருந்த இடமெல்லாம் கொழுப்பு குடியேறிவிட்டது. மேல்கையில் ஓர் ஓரமாக மட்டும் கொஞ்சம் நிழல் தெரிந்தது.

"இதுதான் கடைசி. இதையும் எடுத்துட்டா அப்புறம் எடுக்கறதுக்கு எதுவும் இல்ல. நடுவுலேர்ந்து வர்ற நல்ல துண்டு முதல்ல வரும், அது உறையறதுக்கு. அப்புறம் ஓரத்துலேர்ந்து ஒண்ணு எடுக்கறேன், அது எங்க வழக்கப்படி பார்மலினுக்கு. நர்ஸ் பார்த்துக்குவாங்க. நீங்க வெளிய உக்காருங்க."

"சார், நானே பிடிக்கறேன்."

"நர்ஸுக்குத் தெரியும்மா."

"தெரியும் சார். ஆனா வேற யார் கை பட்டாலும் எனக்கு நிம்மதி இருக்காது. வாழ்க்கை முழுக்க யார் யார் எலியையோ காப்பாத்தியிருக்கேன். என் தம்பியோடதை நான் காப்பாத்தறேனே."

சர்ஜன் கொஞ்சம் யோசித்தார். பிறகு தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு அவருடைய கழுத்தைப் பிடித்து நேராக நிறுத்திவிடலாம் போலிருக்கிறது.

அன்றிலிருந்து வீட்டில் ஒத்திகை. கறிக்கடையில் ஒரு விரல் பருமனுக்குக் கறி வாங்கி வந்து, துணியை நனைத்துப் பிழிந்து, சுற்றி, டப்பாவில் வைத்து மூடுவாள். பிரிப்பாள். துணி அதிகமாக நனைந்திருந்தால் தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி பிழிவாள். எங்களில் யார் போனாலும் எங்கள் கையிலும் ஒரு துண்டைக் கொடுத்து "பிடிங்க" என்பாள்; நாங்கள் பிடிப்போம்; அவள் வாங்கிச் சுற்றுவாள். நான் ஒருநாள் போய் உட்கார்ந்ததற்கு என் கைக்குட்டையையும் பிழிந்துவிட்டுத்தான் விட்டாள்.

"இந்தக் கறியை ஆக்கித் தின்னலாமா, இல்ல இதுவும் ஆய்வகத்துக்குப் போகுதா?" என்று அம்மா கேட்டாள்.

"சும்மா இருங்கம்மா."

"கேக்கக்கூடாதா? ஆட்டுக்கும் ஏதாவது வியாதி இருந்துட்டா?"

தம்பி மேசையிலிருந்து குரல் கொடுத்தான். "ஆட்டுக்கு விரல் கிடையாதும்மா. அதுக்குச் சோதனைல இடம் தரமாட்டாங்க."

அம்மா சிரித்தாள். அந்த வீட்டில் அம்மா சிரித்துக் கேட்டுப் பலகாலம் ஆகியிருந்தது. ஆக, நம்பிக்கை என்ற அந்தச் சாமான் அந்த நாட்களில் அங்கே இருந்தது உண்மைதான். கறித்துண்டு மாதிரி ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தார்கள்.

சின்ன அறுவைகளுக்கான அறை அது. ஒரு மேடை, ஒரு விளக்கு, ஒரு தள்ளுமேசை. தள்ளுமேசையில் இடது பக்கம் பிழிந்த துணியும் டப்பாவும். வலது பக்கம் அகல வாய்ப் புட்டியில் பார்மலின். புட்டியின் ஒட்டுத்தாளில் தம்பியின் பெயரை அவளே பென்சிலால் எழுதியிருந்தாள். தம்பி ஒருக்களித்துப் படுத்திருந்தான்; அவன் முகம் தள்ளுமேசையைப் பார்த்து இருந்தது. மரத்துப்போகும் ஊசியைச் சர்ஜன் தோலுக்கு மட்டும்தான் போட்டார். தசைக்குள் போட்டால் துண்டு கெட்டுவிடும்.

"தோல் தெரியாது. உள்ள பிடிச்சு இழுக்கறப்ப மட்டும் சுருக்குன்னு இருக்கும். பொறுத்துக்கணும்."

"நீங்க இழுங்க டாக்டர். எங்க வீட்ல எனக்குக் காது ரெண்டும் இழுத்துப் பழக்கம்தான்."

கத்தி போனது. பஞ்சு போனது. சர்ஜன் குனிந்தார், நர்ஸ் இரத்தத்தை ஒற்றினாள். இழுக்கும்போது தம்பியின் உதடு வெளுத்ததை அக்கா பார்த்தாள். இடுக்கியின் நுனியில், சிவப்பாக, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு வெளியே வந்தது. படத்தில் நிழலாகத் தெரிந்தது இதுதான். கடைசித் தசை.

"வந்துடுச்சு. பிடிங்க."

அவள் தன் இடுக்கியால் பிடித்தாள். அந்த நேரம் பார்த்துத் தம்பி வாய் திறந்தான். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை. வலித்தால் கேலி செய்வான்.

"அக்கா, உப்பு சரியா இருக்கான்னு பாத்துக்கோ."

நர்ஸ் களுக்கென்று சிரித்தாள். குனிந்திருந்த சர்ஜனின் முதுகும் குலுங்கியது. அக்கா அவன் முகத்தைத்தான் பார்த்தாள். கண்ணோரம் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"போட்டுட்டுப் பேசறேன்டா" என்றாள்.

போட்டாள். கை வலது பக்கம் போனது. எத்தனையோ எலிகளுக்கும் முயல்களுக்கும் போன அதே பக்கம். துண்டு பார்மலினில் இறங்கியது, அவள் கை மூடியைத் திருகியது, வழக்கப்படி புட்டியை ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்தி வைத்தது. அவள் கண் தம்பியின் கண்ணோரத்தைவிட்டு நகரவே இல்லை. கட்டைவிரலால் அந்தத் தண்ணீரைத் துடைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சர்ஜன் ஓரத்திலிருந்து இரண்டாவதை எடுத்தார். மஞ்சளும் வெள்ளையுமாக, நூல் நூலாக ஒன்று. அவர் கண் காயத்தைவிட்டு எழவில்லை, இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அக்கா அதை வாங்கினாள். காலியாகக் காத்திருந்தது துணி ஒன்றுதான். ஒத்திகை பார்த்த அத்தனை பயபக்தியோடும் அதைச் சுற்றினாள், மடித்தாள், டப்பாவில் வைத்தாள், டப்பாவைப் பனிக்கட்டிமேல் வைத்தாள்.

"பிறந்த குழந்தையைக்கூட நாங்க இப்படிச் சுத்தினதில்ல" என்றாள் நர்ஸ்.

புட்டியும் அதே ஆய்வகத்துக்குத்தான் போகவேண்டும் என்பதால் அதையும் பையில் போட்டுக்கொண்டாள். வாடகை வண்டி பிடித்தாள். டப்பா மடியில், பை காலடியில். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து மூக்கைச் சுளித்தார்.

"ஏங்க, பைக்குள்ள ஏதாவது செத்துப்போச்சா?"

"இல்லைங்க. பிழைக்கப்போகுது. சீக்கிரம் போங்க."

ஒவ்வொரு சிக்னலிலும் மடியில் இருந்த டப்பாவின் மூடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். காலடியில் இருந்த பையை அவள் தொடவில்லை. தொட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது என்று பிறகு டாக்டரம்மா சொன்னார். அது ஆறுதலுக்காகச் சொன்னதா, உண்மையா, எனக்குத் தெரியாது.

ஆய்வகத்தில் எல்லாம் தயாராக இருந்தது. ஒரு பாத்திரத்திலிருந்து வெண்புகை தரையில் வழிந்துகொண்டிருந்தது. அந்தக் குளிரில் முக்கினால் தசை அந்தக் கணத்திலேயே நின்றுவிடும். டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டு துணியைப் பிரித்தார். ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. விளக்கைக் கிட்டே இழுத்தார்.

"துணி சரியா பிழிஞ்சிருக்கேன் இல்ல?" என்று கேட்டாள் அக்கா.

"துணி சரியா இருக்கும்மா." அவர் இடுக்கியால் அதைப் புரட்டினார். "இது வெறும் கொழுப்பு. நடுத்துண்டு எங்க?"

அக்கா டப்பாவைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். பிறகு குனிந்து பையைத் திறந்து புட்டியை எடுத்து, விளக்குக்கு நேராகத் தூக்கினாள்.

அடியில் கிடந்தது. சிவப்பு போயிருந்தது. பழுப்பும் சாம்பலும் கலந்த, ஓரங்கள் லேசாகச் சுருண்ட ஒரு துண்டு. அந்த நிறத்தை அவளைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. எந்த மாணவனின் புட்டியில் அந்த நிறத்தைக் கண்டாலும், நல்லா ஊறியிருக்கு என்று மெச்சுகிறவள் அவள்தான்.

அவள் கத்தவில்லை. புட்டியை மேசையில் வைத்துவிட்டு, "நல்லா ஊறியிருக்கு டாக்டர்" என்றாள். அப்புறம் அங்கேயே, குளிர்ப்புகை வழியும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மா விட்டுவிடவில்லை. கொழுப்புத்துண்டையும் எதற்கும் இருக்கட்டும் என்று உறையவைத்துச் சீவிப் பார்த்தார். தசைநார் ஒன்றுகூட இல்லை. புட்டித்துண்டை மெழுகில் பதித்துப் பார்த்தார். நார்கள் இளைத்திருக்கின்றன, நடுவே கொழுப்பு புகுந்திருக்கிறது, நாள்பட்ட தசைநோய் என்று தெரிந்தது. அதை எங்கள் மாடிப்படியில் ஏறி இறங்கும் பூனைகூடச் சொல்லியிருக்கும். எந்த வகை என்பதற்கு வாயே திறக்கவில்லை.

அம்மாவுக்கு விஷயம் புரியவே மாட்டேன் என்றது.

"ஊறிடுச்சுன்னா என்ன? அலசிட்டு மறுபடி குடுக்கக்கூடாதா?"

"முடியாதும்மா."

"அரிசியை ஊறப்போட்டா அலசறதில்லையா? நிறைய தண்ணி விட்டு அலசினா?"

"அம்மா..."

"நீ சரியா கேட்டிருக்க மாட்ட. ஃபோனைக் குடு, நான் கேக்கறேன்."

கேட்டாள். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். மறுநாள் மறுபடி கேட்டாள். அவர் மறுபடி பொறுமையாகச் சொன்னார். அதற்குப் பிறகு அம்மா போனை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வாள், எண்ணைத் தட்டமாட்டாள்.

சர்ஜனிடம் அக்கா கெஞ்சினாள். இன்னொரு இடம், இன்னும் கொஞ்சம். அவர் படத்தை மறுபடி மாட்டினார். எல்லாம் வெள்ளை.

"மிச்சமிருக்கறது முன்கையிலயும் நெஞ்சுலயும்தான். முன்கைல கை வெச்சா நீங்க காப்பாத்த நினைக்கற விரலையே நான் எடுத்துடுவேன். நெஞ்சு அவரோட மூச்சு. என்னைக் கேக்காதீங்கம்மா."

நர்ஸ் கையில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

தம்பி என்ன சொன்னான் என்று கேட்பீர்கள். அவள்தான் அவன் மேசைக்கு எதிரே போய் உட்கார்ந்து, "திட்டுடா" என்றாள்.

"எதுக்கு?"

"நான் பார்க்கல. பார்த்திருந்தா..."

"நான் பார்த்தேன்" என்றான்.

அவளுக்குப் புரியவில்லை.

"என் மூஞ்சி அந்தப் பக்கம்தானே இருந்துச்சு. நீ புட்டில போட்டதைப் பார்த்தேன். துணிலதானே சுத்தணும்னு ஒரு நிமிஷம் தோணிச்சு. வீட்ல அத்தனை தடவை பார்த்திருக்கேனே." அவன் கண்ணாடியைக் கழற்றச் சொல்லித் தலையை நீட்டினான், அவள் கழற்றினாள். "அப்புறம், அக்காவுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு விட்டுட்டேன்."

அவள் அழுதாள். முன்னே சொன்னேனே, அந்த ஈரல்காரப் பெண்ணின் அழுகை, அதெல்லாம் இதன் முன்னால் வெறும் தும்மல். கீழ்த்தளம்வரை கேட்டது. யாரும் கதவைத் திறந்து பார்க்கவில்லை. இதில் நான் எதையும் கூட்டவில்லை.

மருந்துச் சோதனையில் ஆள் நிரம்பிவிட்டது என்று ஒருநாள் டாக்டரம்மா தகவல் சொன்னார். அடுத்தது எப்போது என்று அவருக்கே தெரியாது. வந்தாலும் உறைந்த தசை கேட்பார்கள். கொடுக்கத் தசை இருக்காது.

வேலையிலும் அவள் பழையபடி இல்லை. துண்டைக் கையில் வாங்கினால் அப்படியே நிற்பாள். "இது எதுக்கு?" என்பாள். மாணவன் சொல்வான். "நிச்சயமாவா?" என்பாள். அவன் மறுபடி சொல்வான். "பார்மலின்தானே? போடலாம்தானே?" இடுக்கியில் துண்டு காய்ந்துகொண்டிருக்கும். மாணவர்கள் அவள் முன்னால் நின்று தாராளமாகக் கதை பேசினார்கள். போட்டுட்டுப் பேசு என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. வரிசையாகச் சில வேலைகள் கூழான பிறகு பேராசிரியர் அவளைக் கூப்பிட்டு, நயமாகவே பேசி, மெழுகுக்கட்டிகளை அடுக்கி வைக்கும் கிடங்குக்கு மாற்றினார். ஆய்வு முடிந்த துண்டுகள் மெழுகுக்குள் படுத்தபடி அங்கேதான் வந்து சேரும். இழுப்பறை இழுப்பறையாக, சுவர் முழுக்க. அங்கே பார்மலினும் கிடையாது, அவசரமும் கிடையாது.

தம்பியின் மெழுகுக்கட்டியும் அங்கே வந்தது. பெட்டியின் ஓரத்தில் பென்சிலால் அவன் பெயர். துண்டை அடைக்கும்போது ஆய்வகத்தார் அவளிடமே கேட்டு எழுதவைத்திருந்தார்கள். சாராயம், மெழுகு எல்லாவற்றையும் தாண்டி எழுத்து அப்படியே இருந்தது.

பழுதுபார்க்கும் மேசையில் முதலில் இடதுகைக் கட்டைவிரல் சொல்பேச்சுக் கேட்காமல் போனது. தம்பி அதை "நம்ம முதலாளி லீவு" என்றான். பிறகு வலதுகையில் இரண்டு. திருகாணிகள் தரையில் விழ ஆரம்பித்தன. அம்மா முட்டிபோட்டுப் பொறுக்குவாள். வாடிக்கையாளர்கள் நல்லவர்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. வராமல் இருந்துவிட்டார்கள், அவ்வளவுதான். பூதக்கண்ணாடியை ஒருநாள் அம்மா துணியில் சுற்றி உள்ளே வைத்தாள். பிறகு ஸ்பூனையும் அவளே கையில் எடுத்துக்கொண்டாள்.

இப்போது அக்கா மாலையில் பேருந்தில் நின்றுகொண்டுதான் வருகிறாள். பக்கத்தில் இருப்பவர்கள் யாரும் எழுந்துகொள்வதில்லை. நேற்று நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது களைத்துப்போய் உள்ளே வந்தாள். தம்பி ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தான். காலியான மேசைமேல் அவன் இரண்டு கைகளையும் அம்மா எடுத்து வைத்திருந்தாள், பழக்கத்தில்.

"அக்கா, என் துண்டு எத்தனை வருஷம் தாங்கும்?"

"மெழுகுல இருக்கறதா? கெடவே கெடாது. நாம யாரும் இல்லாத காலத்துலயும் இருக்கும்."

"பரவாயில்ல. குடும்பத்துல ஒருத்தன் உருப்பட்டான்."

அவள் சிரிக்க முயன்றாள், வரவில்லை. அவன் அதைக் கவனிக்காதவன்போல மூக்கைச் சுளித்தான்.

"ரொம்ப நேரமா மூக்கு அரிக்குது. அம்மா வேற அடுப்படிலேர்ந்து வரமாட்டேங்கறாங்க. கொஞ்சம் சொறிஞ்சு விடேன்."

அவள் போய் நின்றாள். கையைத் தூக்கினாள். தூக்கிய கையை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம்டா?"

"இடது."

"இதுதானே?"

"அதேதான். எவ்வளவு நேரம் பார்ப்ப? சொறி."

சொறிந்துவிட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தான்.

"உன் கைல இப்ப வாடையே இல்ல, ஊறுகாய்" என்றான்.

அவள் அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல், மேசையில் கிடந்த அவன் விரல்களுக்குப் பக்கத்தில் வைத்தாள்.